பதில்: செவிலியர் வேலையை விடலாமா?

சகோதரி, மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணியில் முப்பது நோயாளிகளைத் தனியே கவனிப்பதாகவும், விலக நினைப்பது தங்கள் பலவீனமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். நிச்சயமாகப் பலவீனம் அல்ல. காலையில் பணி முடிந்த பிறகும் கேஸ் ஷீட்டை எழுதி, மருந்துக் கணக்கை ஒப்படைத்துவிட்டு, ஒன்பதரை மணிக்குப் பேருந்துக்குக் காத்து நிற்கும் செவிலியர்களை நம் மாவட்டத்தில் எங்கும் காணலாம்; அந்தக் கூடுதல் நேரத்துக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியமும், 50 படுக்கைகளுக்குக் குறைந்தவை மாதம் 20,000 ரூபாயாவதும் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. நடைமுறை என்னவென்று தங்களுக்கே தெரியும்.

ஆயினும் கோபத்தில் நாளையே நின்றுவிடாதீர்கள். வளைகுடா நாடுகளுக்கு விண்ணப்பித்தால் அனுபவச் சான்றைப் பழைய மருத்துவமனையிடமே கேட்டுச் சரிபார்ப்பார்கள் என்பதால், விலகல் கடிதத்தின் நகலில் தேதியுடன் கையொப்பம் பெற்று, அறிவிப்புக் காலத்தை முடித்து, அனுபவச் சான்றையும் மூலச் சான்றிதழ்களையும் கையில் வாங்கிய பின்னரே வெளியேறுங்கள். முகவரிடம் பணம் கட்டுமுன் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். ஊரிலேயே இருக்க விரும்பினால், அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். அங்கும் தொடக்கத்தில் தொகுப்பூதியம்தான், அதாவது படிகள் சேராத ஒரே மாதத் தொகை.