ஒரே துறையில் ஆளுக்கொரு ஆராய்ச்சி செய்கிறார்களே, பிஎச்.டி.க்கு யாரிடம் சேர்வது?

விலங்கியல் என்று ஒரே துறைதான், ஆனால் ஒருவர் மண்புழு, ஒருவர் மீன், ஒருவர் சிலந்தி என்கிறார், யாரிடம் சேர்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே குழப்பத்தில் மாட்டி ஒன்றரை வருடம் தொலைத்தவன் நான்.

நான் படித்தது குமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில். ஒரே வராந்தா. முதல் அறையில் ஃபார்மலின் நெடி. ஜாடிகளில் மணக்குடிக் காயலில் பிடித்த மீன்கள். அடுத்த அறையில் சாணி வாடை, தொட்டி தொட்டியாக மண்புழு. கடைசி அறையில் எந்த வாடையும் கிடையாது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி; மரபணு வரிசைகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்று பேருமே விலங்கியல் பேராசிரியர்கள்தான். ஆனால் ஒருவருடைய கட்டுரை இன்னொருவருக்குப் பாதிதான் புரியும்.

எனக்கு ஆசை மீன் மேல். அங்கே இடம் இல்லை. சரி, துறை ஒன்றுதானே என்று மண்புழுவுக்குப் போனேன். புழுவைக் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, அது நெளிந்து ஓடுவதற்குள் எடை போட வேண்டும். வழிகாட்டி நல்ல மனிதர். எனக்குத்தான் மனம் ஒட்டவில்லை. ஆய்வக உதவியாளர் அண்ணன் ஒருநாள் சொன்னார்: "மக்கா, வாசல் போர்டைப் பாத்து வந்தா இப்படித்தான். ஜாடியைப் பாத்துல்லா வரணும்."

துறையின் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீச்சு வெளியிடும் தோரியம் உள்ள மோனசைட் என்ற தாது இருக்கிறது. அங்கே கதிர்வீச்சு அளக்கிறவர் இயற்பியல்காரர், அதே மணலில் நண்டு எண்ணுகிறவர் நம்ம ஆள். கடல்தான் விருப்பம் என்றால், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் ராஜாக்கமங்கலத்திலேயே இருக்கிறது, ஒரு நடை போய்ப் பாருங்கள். பறவை என்றால் தேரூர், சுசீந்திரம் குளங்கள் கைக்கெட்டும் தூரம்; 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன.

பேராசிரியரின் அறிமுகப் பக்கத்தில் 'சுற்றுச்சூழல் உயிரியல்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதற்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம். அதை விடுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் வழிகாட்டியின் பெயரைப் போட்டு, அவரிடம் படித்தவர்களின் ஆய்வேடுகளை வருட வரிசையில் பாருங்கள். பழையதெல்லாம் இறால், கடைசி மூன்றும் நுண்பிளாஸ்டிக் என்றால், அவர் இப்போது நுண்பிளாஸ்டிக் ஆள்.

அப்புறம் காலியிடம். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேருக்குத்தான் வழிகாட்டலாம். ஓய்வுபெற மூன்று வருடத்துக்கும் குறைவாக இருந்தால் புது மாணவரை எடுக்க முடியாது. அதனால் பெரிய பெயர்களையே சுற்றாமல், புதிதாக வந்த உதவிப் பேராசிரியர்களையும் பாருங்கள்.

சேரும் முன் ஒரு வாரம் அந்த ஆய்வகத்தில் போய் உட்கார அனுமதி கேளுங்கள். சீனியர்கள் டீ குடிக்கப் போகும்போது கூடவே போங்கள். ஒரு அத்தியாயத்தைக் கொடுத்தால் சார் எத்தனை நாளில் திருத்தித் தருவார் என்பதை மட்டும் கேட்டுவிடுங்கள்.