டொமைன் ஏலம்: கேட்டவர்களுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டொமைன் பெயர்களை, அதாவது வலைத்தள முகவரிகளை, ஆன்லைன் ஏலத்தில் விற்பது பற்றியவை. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். வசவுகளையும்.

கேள்வி: வலைத்தளம் தொடங்கலாம் என்று வாங்கிய டொமைன் ஒன்று சும்மா கிடக்கிறது. ஏலத்தில் விடுவதா, ஒரு விலை போட்டுவிட்டுக் காத்திருப்பதா?

பதில்: உங்களுக்குப் பணம் எப்போது வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஏலத்தில் முடிவு தேதி தெரியும். விலை சொல்லத் தெரியாதவர்களுக்கு அது வசதி. இரண்டு பேர் முட்டிக்கொண்டால், நீங்கள் வாய்விட்டுக் கேட்கக் கூசும் தொகைக்குக்கூடப் போகும்.

ஆனால் அங்கே கூடுகிறவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள். மலிவாக வாங்கி, வைத்திருந்து, கூட்டி விற்க வந்தவர்கள். அந்தப் பெயரில் தொழில் நடத்தப் போகிற ஆள், உங்கள் ஏலம் நடக்கும் அந்தச் சில நாட்களில் அங்கே எட்டிப் பார்ப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் ஏலத்தில் கிடைப்பது மொத்த விலை, சில்லறை விலை அல்ல. செடோ, ஆஃப்டர்னிக் மாதிரியான சந்தைகளில் விலை போட்டு வைத்தால் சில்லறை விலை கிடைக்க வாய்ப்புண்டு. அதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க நேரலாம், கடைசிவரை யாரும் வராமலும் போகலாம். வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் வரும்.

எந்த வழியில் விற்றாலும் கமிஷன் உண்டு. பதினைந்து, இருபது விழுக்காடு என்பதெல்லாம் சாதாரணம். நூறு டாலருக்குள் விற்றால் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று வந்து பெரும்பகுதியைத் தின்றுவிடலாம். விதிமுறைப் பக்கத்தைப் படித்துவிட்டு ஏலத்தைத் தொடங்குங்கள்.

கேள்வி: என்னிடம் நாற்பது டொமைன்கள் உள்ளன. பட்டியலை இணைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஏலம் விடலாமா?

பதில்: மூன்றை மட்டும் ஏலம் விடுங்கள். மீதியைப் புதுப்பிக்காதீர்கள்.

கேள்வி: இலவச மதிப்பீட்டுக் கருவி என் பெயருக்கு 2,400 டாலர் மதிப்பு என்றது. ரிசர்வ் விலை (இதற்குக் கீழே விற்பதில்லை என்ற வரம்பு) வைக்காமல் ஏலம் விட்டேன். 61 டாலருக்கு முடிந்தது. ஏலத் தளம் என்னை ஏமாற்றிவிட்டதா?

பதில்: இல்லை. 61 டாலர்தான் அன்றைய விலை. 2,400 என்பது ஒரு நிரல் போட்ட கணக்கு.

இந்தக் கருவிகள் மீது எனக்குப் பழைய கோபம் உண்டு. பெயரில் எத்தனை எழுத்து, டாட் காமா வேறு பின்னொட்டா, அந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள், அதே சாயலில் முன்பு எது விற்றது என்று பார்த்து ஓர் எண்ணைத் துப்பும். அந்தப் பெயர் வேண்டும் என்று உலகத்தில் ஒருவராவது இருக்கிறாரா என்பதை எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. விலையைத் தீர்மானிப்பதோ அந்த ஒருவர்தான். போதாக்குறைக்கு, இந்தக் கருவிகளில் சிலவற்றை நடத்துவதே டொமைன் பதிவு நிறுவனங்கள். எண் பெரிதாக வந்தால் நீங்கள் பதிவு செய்வீர்கள், அடுத்த வருடமும் விடாமல் புதுப்பிப்பீர்கள். லாபம் யாருக்கு?

செய்திகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. 2019-ல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்கு விற்றது என்று எல்லாரும் எழுதினார்கள். மைக்ரோஸ்ட்ராடஜி நிறுவனம் அதை பிளாக்.ஒன் நிறுவனத்துக்குப் பேரம் பேசி விற்றது என்பதையும், அது ஏலமே அல்ல என்பதையும் எத்தனை பேர் கவனித்தார்கள்? ஆங்கிலத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த ஒற்றைச் சொல் அது. நீங்கள் அனுப்பியிருப்பது நடுவில் கோடு போட்ட மூன்று சொற்கள்.

விலை தெரிய வேண்டுமானால் நேம்பயோ போன்ற தளங்களில் நடந்து முடிந்த விற்பனைகளைப் பாருங்கள். உங்கள் பின்னொட்டு, உங்கள் பெயரின் நீளம், அதே வகைச் சொல் என்று வடிகட்டிப் பாருங்கள். அங்கே வருவதும் விற்றவை மட்டும்தான். யாரும் கேட்காமல் முடிந்த ஏலங்களுக்கு அங்கே இடமில்லை. அப்புறம், இழக்க மனமில்லாத பெயரென்றால் ரிசர்வ் விலை வைத்திருக்க வேண்டும். ரிசர்வ் வைத்தால் கூட்டம் குறையும், உண்மைதான். வைக்காதவர் அடிமாட்டு விலைக்கும் தயாராக வர வேண்டும்.

கேள்வி: என் டொமைனை 8,000 டாலருக்கு வாங்க விரும்புவதாக ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். ஏலத்துக்குப் போக வேண்டாம், மதிப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் போதும் என்று ஒரு தளத்தைக் காட்டினார். 120 டாலர் கட்டி வாங்கினேன். அதன்பின் அவரிடமிருந்து பதிலே இல்லை. என் முட்டாள்தனம்தானே?

பதில்: இல்லை, உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். வாங்க வந்தவரும் சான்றிதழ்த் தளமும் பெரும்பாலும் ஒரே ஆள். டொமைன் வியாபாரத்தில் இது மிகப் பழைய மோசடி, நன்றாக மெருகேற்றப்பட்டது. உங்கள் பெயரைப் புகழ்வார்கள், விலையை அவர்களே சொல்வார்கள், சான்றிதழை நீங்களாகவே தேடிக்கொண்டது போலத் தோன்ற வைப்பார்கள்.

கார்டில் கட்டியிருந்தால் இன்றே வங்கியில் புகார் கொடுத்து, அந்த மின்னஞ்சல்களை அழிக்காமல் அப்படியே இணையுங்கள். போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று அடுத்த மாதம் இன்னொருவர் எழுதக்கூடும். அவருக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள். உண்மையாக வாங்க வருபவர் தனக்கு மதிப்பீடு வேண்டுமென்றால் தன் செலவில் செய்துகொள்வார்.

கேள்வி: பிரபல நிறுவனத்தின் பெயரோடு 'ஷாப்' சேர்த்து டாட் காம் பதிவு செய்துவிட்டேன். ஏலத்தில் போட்டால் அந்த நிறுவனமே பெரிய விலைக்கு எடுக்கும் அல்லவா?

பதில்: எடுக்கும், விலை கொடுக்காமல். டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பு 1999-ல் கொண்டுவந்த யுடிஆர்பி என்ற தகராறுத் தீர்வு முறை உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் ஒரே நடுவரைக் கொண்டு, ஐந்து டொமைன்கள் வரை வழக்குத் தொடுக்க 1,500 டாலர் கட்டணம். பெரிய நிறுவனத்துக்கு அது காபிச் செலவு. தோற்றால் உங்கள் பெயர் அவர்களுக்குப் போய்விடும், நஷ்டஈடு கிடையாது. வர்த்தகப் பெயருக்கு உரியவரிடமே லாபத்துக்கு விற்கும் நோக்கத்தில் பதிவு செய்வது, கெட்ட எண்ணத்துக்கான அடையாளமாக அந்த விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் போடும் ஏல அறிவிப்பே அவர்கள் கையில் சாட்சியாகிவிடும். எனக்கு எழுதிய கடிதத்தையும் அழித்துவிடுங்கள்.

கேள்வி: ஏலத்தில் எடுத்தவர் பத்து நாளாகப் பணம் கட்டவில்லை. முதலில் டொமைனை மாற்றித் தந்தால் கட்டுகிறாராம்.

பதில்: தராதீர்கள். தளத்துக்கு எழுதி, அடுத்தபடியாகக் கேட்டவருக்கு அவர் சொன்ன விலைக்கே தர முடியுமா என்று விசாரியுங்கள். ஏலத்தின் பெரிய குறைகளில் ஒன்று இது: வெற்றி பெற்றவர் என்று அறிவிப்பு வரும், பணம் வராது.

நேரடியாக முடிப்பதாக இருந்தால் எஸ்க்ரோ வழியாக, அதாவது பணத்தை நடுவில் வைத்திருந்து தரும் சேவை வழியாக மட்டும் செய்யுங்கள். அவர் பணத்தை நடுவரிடம் கட்டுவார். பணம் வந்தது என்று நடுவர் உறுதி சொன்ன பிறகு நீங்கள் பெயரை மாற்றுவீர்கள். அவர் பெற்றுக்கொண்டதும் பணம் உங்களுக்கு வரும். நடுவர் யார் என்பதை நீங்கள் தேர்ந்தெடுங்கள், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். போலி எஸ்க்ரோ தளங்கள் ஏராளம். கார்டில் நேராகக் கட்டுகிறேன் என்பவரிடமும் கவனம் தேவை. கட்டிய பணத்தை வாரங்கள் கழித்துக்கூடத் திரும்ப வாங்கிவிட வழி இருக்கிறது. அதற்குள் டொமைன் இரண்டு கை மாறியிருக்கும்.

கேள்வி: நான் ஏலம் கேட்டபோது ஒரே ஆள் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். உள்ளாள் வேலையாக இருக்குமா?

பதில்: இருக்கலாம், நடந்திருக்கிறது. தன் ஊழியர் ஒருவரே 2005 முதல் வேறு பெயரில் ஏலம் கேட்டு வந்ததாக ஸ்நாப்நேம்ஸ் என்ற டொமைன் ஏல நிறுவனம் 2009-ல் அறிவித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு வட்டியோடு பணம் திருப்பித் தருவதாகவும் சொன்னது. ஆனால் உங்கள் விஷயத்தில் அது வெறும் தானியங்கிக் கேட்பாகவும் இருக்கலாம். உச்சவரம்பை முதலிலேயே கொடுத்துவிட்டால் தளமே அவருக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும். உங்கள் வரம்பைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு ஏலத்துக்குப் போங்கள், தாண்டாதீர்கள்.

நான் தாண்டியிருக்கிறேன். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும் ஏலம் அது. சூடேறி, பழைய உரிமையாளர் புதுப்பிக்காமல் விட்ட ஒரு காலாவதிப் பெயரை எடுத்தேன். அந்த முகவரியிலிருந்து அனுப்பிய ஒவ்வொரு கடிதமும் எதிர்முனையில் ஸ்பேமில் போய் விழுந்தது. பிறகுதான், பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணையக் காப்பகத்தில் அந்தப் பெயரின் பழைய பக்கங்களைத் திறந்து பார்த்தேன்: பக்கம் முழுக்க மாத்திரை விளம்பரம். ஏலம் கேட்கும் முன் அந்தக் காப்பகத்தைப் பாருங்கள்.

கேள்வி: புதுப்பிக்க மறந்துவிட்டேன். என் சொந்த டொமைன் இப்போது ஏலத்தில் இருக்கிறது! நியாயமா?

பதில்: எத்தனை நினைவூட்டல் மின்னஞ்சல் வந்தது என்று முதலில் பாருங்கள். நியாயத்தைப் பிறகு பேசுவோம். இப்போதே பதிவு நிறுவனத்தின் கணக்கில் நுழைந்து புதுப்பிக்க முடிகிறதா என்று பாருங்கள். காலாவதியான சில வாரங்களிலேயே பல நிறுவனங்கள் ஏலம் விட்டுவிடும். ஆனால் ஏலம் முடியும் வரையிலாவது பழைய உரிமையாளர் புதுப்பிக்கலாம் என்று பல இடங்களில் விதி உண்டு. யாரும் எடுக்காமல் பெயர் நீக்கப்பட்டால், டாட் காமுக்கு 30 நாள் மீட்புக் காலம் இருக்கிறது, கூடுதல் கட்டணத்தோடு. அதுவும் போனால் 5 நாளில் பொதுவுக்கு வந்துவிடும்.

கேள்வி: புதுப் பின்னொட்டுப் பெயர்கள் ஏலத்தில் மலிவாக இருக்கின்றனவே?

பதில்: வாங்கும் விலையை விடுங்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். சில பெயர்களுக்கு வருடா வருடம் 'பிரீமியம்' கட்டணம் உண்டு. என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. இரண்டாம் ஆண்டு பில் வந்ததும் கைகழுவிவிட்டேன்.

கேள்வி: என் பெயருக்கு ஒரு தொழில் நிறுவனம் நேரடியாக 900 டாலர் தருவதாக எழுதியிருக்கிறது. ஏலத்தில் விட்டால் இன்னும் கூடுமா?

பதில்: ஏலத்தில் விட்டால், வேறு யாரும் கேட்கவில்லை என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துவிடுவார்கள். அப்புறம் 90 டாலருக்கே எடுப்பார்கள். உண்மையான நிறுவனம்தானா என்று சரிபார்த்துவிட்டு 1,300 கேளுங்கள். 1,000-க்கு வந்தால் எஸ்க்ரோவில் முடித்துவிடுங்கள்.