நாட்டுக்கோழி முட்டைக்கும் பண்ணை விலைதானா?

கேள்வி: மணப்பாறை பக்கம் 80 நாட்டுப் பெட்டைகளும் 8 சேவல்களும் வளர்க்கிறேன். வியாபாரி முட்டைக்கு நாமக்கல் பண்ணை முட்டை விலையைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் தருகிறார். வளர்ந்த சேவல்களை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். டவுனில் கடை போடலாமா?

பதில்: கடை வேண்டாம். கணக்கைப் பாருங்கள். பண்ணைக் கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். உங்கள் கோழி மூன்று, நான்கு ஈடு (தொடர்ந்து முட்டையிடும் சுற்று) இட்டு 60, 70 முட்டையோடு நின்றுவிடும். 70 என்றே வைத்தாலும் 80 கோழிக்கும் சேர்த்து நாளைக்குச் சுமார் 15 முட்டைதான். கடை வாடகைக்கே அது காணாது. வாரம் ஐந்து முட்டை வாங்கும் 20 வீடுகள் கிடைத்தால் மொத்தமும் தீர்ந்துவிடும். கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் முதலில் கேட்டுப் பாருங்கள்.

அந்த வீடுகளைத் தக்கவைப்பதுதான் கஷ்டம். ஒரு முட்டை கெட்டிருந்தாலும் அடுத்த வாரம் வாங்க மாட்டார்கள். சேவலோடு மேயும் கோழியின் முட்டையில் கரு இருக்கும். நம்ம ஊர் வெயிலில் அது அடை வைக்காமலே லேசாக வளர ஆரம்பித்துவிடும். உடைத்தால் ரத்தக் கீற்று தெரியும். அதனால் 20 பெட்டைகளோடு இரண்டு சேவலை மட்டும் அடை முட்டைக்கென்று தனியே விடுங்கள். மீதிப் பெட்டைகளைச் சேவல் இல்லாமல் அடைத்து, மூன்று வாரம் கழித்து வரும் முட்டைகளை வீடுகளுக்குக் கொடுங்கள். இந்த 60 பெட்டைகளின் முட்டைக்கு 16 வீடுகளே போதும். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், கழுவாதீர்கள். ஓட்டின் மேல் உள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி எளிதாக உள்ளே போகும்.

சரி, உங்களுக்கு உண்மையான காசு முட்டையில் இல்லை, சேவலில் இருக்கிறது. விற்கும் மாதத்தைத் தீர்மானித்துவிட்டு அடை வையுங்கள். சேவல் விலைக்கு வர ஐந்து மாதம் பிடிக்கும். ஆடிக் கொடைக்கு விற்க மாசியில் குஞ்சு பொரிக்க வேண்டும், தீபாவளிக்கு வைகாசியில், பொங்கல் கறிநாளுக்கு ஆவணியில். புரட்டாசியிலும், பலர் மாலை போட்டிருக்கும் கார்த்திகை, மார்கழியிலும் விற்கப் போனால் நீங்கள்தான் இறங்கிப் போக வேண்டியிருக்கும். இப்போது உங்களிடம் குறைத்துக் கேட்பதற்கும் இது காரணமாக இருக்கலாம். நேர்த்திக்கடனுக்கு நிறம் பார்த்துக் கேட்பவர்களிடம் எடை பேசாதீர்கள், சேவலுக்கு விலை சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு உங்கள் எலக்ட்ரானிக் தராசிலேயே உயிர் எடை போடுங்கள். உரித்துக் கொடுத்தால் ஒன்றரைக் கிலோ சேவலில் ஒரு கிலோ அளவுக்குத்தான் கறி நிற்கும். உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்றால் கறி 600-க்குக் கீழே போனால் நஷ்டம். மஞ்சள் தடவி வாட்டிக் கொடுக்கும் கூலி தனி.

வியாபாரியை மட்டும் முறைத்துக்கொள்ளாதீர்கள். முட்டை ஓய்ந்த கிழப் பெட்டைகளை மொத்தமாகப் பிடித்துப் போக அவர்தான் வர வேண்டும்.