வளங்குன்றா வளர்ச்சி: ஒரு மேற்படிப்பு குறித்து

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ராணிப்பேட்டையைச் சேர்ந்தவன். சிவில் பொறியியல் முடித்து, சென்னையில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் மூன்றாண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஸ்வீடனில் நீடித்த வளர்ச்சி குறித்த இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கடன் வாங்கித்தான் போக வேண்டும். "கட்டடம் கட்டப் படித்தவன், கடன் வாங்கிப் பேச்சுப் படிப்பு எதற்குப் படிக்க வேண்டும்?" என்று அப்பா கேட்கிறார். பாடத்திட்டத்தில் கொஞ்சம் பொருளியல், கொஞ்சம் சூழலியல், கொஞ்சம் அரசியல் என எல்லாமே இருப்பதால் எனக்கும் ஐயம் வருகிறது. இது உண்மையிலேயே ஓர் அறிவுத்துறையா, அல்லது ஐ.நா. அறிக்கைகளின் மொழியைக் கற்றுத்தரும் பயிற்சியா? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வெளியிடப்படவில்லை)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தந்தையின் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். இத்துறையில் பேச்சு மிகுதி என்பது உண்மைதான். நீடித்த வளர்ச்சிக்கென 2015-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 இலக்குகளையும் வண்ணப் படங்களாகச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, அவற்றுள் இரண்டு ஒன்றோடொன்று மோதும்போது எதை விட்டுக்கொடுப்பது என்பதைப் பற்றி வாய் திறக்காத வகுப்புகள் உண்டு. ஆனால் இதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சுரங்க நிர்வாகத்தில் உயர் பதவி வகித்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், தாது உருக்கும் உலைகளுக்கு விறகு அருகிக்கொண்டே போவதைக் கண்டு, காடு எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவே வெட்ட வேண்டும் என்று 1713-இல் எழுதினார். ஒரு சுரங்க அதிகாரி போட்ட இருப்புக் கணக்கு அது.

1987-இல் நார்வே பிரதமர் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம், வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் திறனைக் குலைக்காமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்வது என்று நீடித்த வளர்ச்சியை வரையறுத்தது. இந்த வரையறையை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். அப்படியானால் எதைக் குறையாமல் விட்டுச்செல்ல வேண்டும் என்று கேட்கும்போதுதான் படிப்பு தொடங்குகிறது. தமிழில் புழங்கும் இரண்டு பெயர்களும் இக்கேள்விக்கான இரண்டு விடைகளாகவே அமைந்துவிட்டிருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். 'நீடித்த வளர்ச்சி' என்றால் வளர்ச்சி நிற்காமல் தொடர வேண்டும். 'வளங்குன்றா வளர்ச்சி' என்றால் வளம் குன்றக் கூடாது. பொருளியலாளர் ராபர்ட் சோலோ ஏறத்தாழ முதலாவதன் பக்கம் நிற்பவர்: ஒரு வளம் தீர்ந்தாலும் அதற்கு ஈடாக இயந்திரமும் கல்வியும் தொழில்நுட்பமும் பெருகியிருந்தால் அடுத்த தலைமுறைக்கு நட்டமில்லை என்பது அவர் வாதம். சூழலியல் பொருளியலாளர் ஹெர்மன் டேலி இரண்டாவதன் பக்கம்: கடலில் மீன் இல்லாமல் போனபின் படகுகளைப் பெருக்கி என்ன பயன் என்று கேட்பவர்.

இந்த வாதத்தைக் கேட்க நீங்கள் ஸ்வீடன் போக வேண்டியதில்லை; அது உங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று, வளங்குன்றா வளர்ச்சி என்ற கருத்தை ஏற்று, தீங்கு முழுமையாக நிரூபணமாகும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அத்தொழில் அந்நியச் செலாவணியையும் வேலைவாய்ப்பையும் தருவதை நீதிபதிகள் மறுக்கவில்லை. அதற்காகச் சூழலை அழிக்கும் உரிமை அதற்கு இல்லை என்றார்கள். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வு அத்தீர்ப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது.

அத்தீர்ப்புக்குப் பின் எழுந்த கேள்விதான் உங்கள் படிப்புக்கு உரியது. மாசுபடுத்தியவர் ஈடுசெய்ய வேண்டும், சரி, எவ்வளவு? எந்தக் கிணறு எந்த ஆண்டு உப்பேறியது, அதில் தோல் பதனிடும் உப்பின் பங்கு எவ்வளவு, தென்னை காய்க்காமல் போனதால் எத்தனை ஆண்டு வருமானம் போனது, நிலத்தடி நீர் மீள எவ்வளவு காலமாகும் என்று நிலநீரியலும் வேதியியலும் வேளாண் பொருளியலும் சட்டமும் சேர்ந்து சொல்ல வேண்டிய விடை அது. இழப்பீடும் சீரமைப்பும் குறித்து 2025 ஜனவரியில்கூட உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. சுத்திகரிப்பு மட்டும் எளிதா? கழிவுநீரைச் சவ்வு வழியே அழுத்திச் செலுத்தும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்தெடுத்து, எஞ்சிய உவர்நீரை நீராவி கொண்டு வற்றவைத்தாலும், கடைசியில் உப்பும் சேறும் மிஞ்சுகின்றன. அவற்றை எங்கே வைப்பது? 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். நூறு ஆண்டுகள் கழித்து நேரப்போகும் ஒரு கோடி ரூபாய் இழப்பைத் தவிர்க்க இன்று எவ்வளவு செலவிடலாம்? எதிர்காலத் தொகையை ஆண்டுக்கு 1.4 சதவீதம் கழித்து மதிப்பிட்டால் ஏறத்தாழ 25 லட்சம், 5.5 சதவீதம் கழித்தால் 50 ஆயிரத்துக்கும் குறைவு. காலநிலை மாற்றம் குறித்துப் பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006-இல் அளித்த அறிக்கை முதல் விகிதத்தை ஒட்டியும், அதை மறுத்த மற்றொரு பொருளியலாளர் வில்லியம் நோர்ட்ஹவுஸின் மதிப்பீடு இரண்டாவதை ஒட்டியும் அமைந்தன. பேரப்பிள்ளைகளின் மீது நமக்குள்ள கடமையை ஒரு தசமப் புள்ளிக்குள் ஒளித்துவைத்துவிட முடிகிறது என்பதை இந்தக் கணக்கைத் தன் கையால் போட்டுப் பார்த்தவர்தான் உணர்வார். இத்தகைய கணக்கை உங்களைப் போடவைக்கும் படிப்புக்குக் கடன் வாங்கலாம். ஐ.நா.வின் 17 இலக்குகளுக்குக் கீழ் வரும் 169 குறியிலக்குகளை ஒப்பிக்கவைக்கும் படிப்புக்கு வாங்க வேண்டாம்.

ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, கட்டாயப் பாடங்களைப் பாருங்கள். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் இத்துறையில் 2004-இல் தொடங்கிய முனைவர் பட்டத் திட்டத்தில் பொருளியலோடு இயற்கை அறிவியலையும் முறையாகப் பயில வேண்டும். இரண்டிலும் மேம்போக்காகத் தப்பிக்க வழியில்லை. 1997 முதல் நடந்துவரும், ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்பு எந்தத் துறையில் பட்டம் பெற்றவரையும் சேர்த்துக்கொள்கிறது. அங்கே கணக்கின் ஆழம் ஓரளவுக்கு மாணவர் தேர்ந்தெடுக்கும் ஆய்வைப் பொறுத்தது. டெல்லியில் எரிசக்தி, சூழல் ஆய்வு நிறுவனமான டெரியின் பல்கலைக்கழகமும் உண்டு. வெளிநாட்டை மட்டுமே மனத்தில் வைத்திருந்தால் அதையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் சூழல், சமூகம் சார்ந்த தம் செயல்பாடுகளைச் சொல்லும் பொறுப்புணர்வு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியபின், இப்பட்டம் பெற்றவர்களுக்கு வேலை இருக்கிறது. அதில் கணிசமான பகுதி படிவம் நிரப்பும் வேலை. நிறுவனம் தரும் நீர்ப் பயன்பாட்டு எண்ணைப் பார்த்து, இந்தக் குழாயில் இவ்வளவு நீர் போகவே முடியாது என்று சொல்லத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் குறைவு. சிவில் பொறியியல் படித்த உங்களால் அது முடியும். எனவே பழைய படிப்பை உதறிவிட்டுப் போகாதீர்கள்; நீர்வளப் பொறியியலைக் கையில் வைத்துக்கொண்டு அதன்மேல் பொருளியலையும் சட்டத்தையும் அடுக்குங்கள்.

கிடைத்த இடத்தை உறுதிசெய்யும் முன் அந்தத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, ஆய்வேட்டுக்கான களப்பணியைப் பாலாற்றுப் படுகையில் செய்ய அனுமதிப்பார்களா, நிலநீரியலில் வழிகாட்டக்கூடிய ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் முழு வடிவம் இணையத்தில் கிடைக்கிறது. அதில் ஊர் ஊராகக் கிணறுகளின் நிலை சொல்லப்படும் பகுதியை உங்கள் தந்தைக்கும் வாசித்துக் காட்டுங்கள். அந்தக் கிணறுகளைப் பற்றி உங்களையும் என்னையும்விட அவருக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கக்கூடும்.

அன்புடன்.