வியூக விளையாட்டில் ஹோவர் டாங்கிக்கு ஏன் கவசத்தைக் குறைக்க வேண்டும்?

ஹோவர் டாங்கி என்றால் சக்கரமோ சங்கிலிப் பட்டையோ இல்லாமல், அடியில் காற்றை அழுத்தி அந்த மெத்தையின் மேல் தரையை ஒட்டி ஓடும் பீரங்கி வண்டி. முழுக்கக் கற்பனை இல்லை, 1959-லேயே எஸ்ஆர்.என்1 என்ற ஹோவர்கிராஃப்ட் இப்படித்தான் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது.

எடை கூடினால் தூக்கும் காற்றும் கூட வேண்டும், எஞ்சின் பெரிதாகும். அதனால்தான் கனத்த கவசம் இதற்குச் சரிப்படாது. விளையாட்டில் இதை வடிவமைக்கும் பலர் விட்டுவிடுவது உராய்வை: தரையைத் தொடாததால் இதற்கு உராய்வு மிகக் குறைவு. பவுடர் போட்ட கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரை லேசாகச் சுண்டினாலே எதிர்ச்சட்டத்தில் மோதித் திரும்புகிறதே, அதுபோல இந்த வண்டியும் சுட்ட அதிர்ச்சியில் பின்னால் வழுக்கும், திருப்பினால் பழைய திசையிலேயே கொஞ்ச தூரம் போய்த்தான் வளையும். இந்த வழுக்கலைக் கட்டாயம் அசைவில் காட்டுங்கள், வண்டிக்கு உயிர் வருவதே அங்கேதான். வேகத்தையும் தண்ணீரைக் கடக்கும் திறனையும் தாராளமாகக் கொடுத்து, கவசத்தையும் குறியின் துல்லியத்தையும் குறையுங்கள். அப்புறம் ஆடுபவர் அதை முன்வரிசையில் நிறுத்த மாட்டார், ஏரிக்குக் குறுக்கே ஓட்டி எதிரியின் முதுகுப் பக்கம் போய் அடிப்பார்.

மிதக்கிறது என்பதால் இதை விமானக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்: இது மதிலைத் தாண்டாது, சாதாரணத் தரைப் பீரங்கியே இதை அடிக்க முடிய வேண்டும்.