கணக்கு கேள்வி – பதில்: மீ.சி.ம ஏன் பெரிதாகிவிடுகிறது?

கேள்வி: இரண்டு எண்களைப் பெருக்கி, மீப்பெரு பொதுக் காரணியால் (மீ.பெ.கா) வகுத்தால் மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம) கிடைக்கிறது. 12, 18, 30 மூன்றுக்கும் அப்படியே செய்தேன். 1080 வந்தது. விடைப் பகுதியில் 180 என்று இருக்கிறதே?

பதில்: விடைப் பகுதிதான் சரி. உங்கள் சூத்திரம் இரண்டு எண்களோடு சரி, மூன்றுக்குச் செல்லாது. ஏன் என்பது பகா எண்களாகப் பிரித்ததும் தெரிந்துவிடும்.

12 = 2 × 2 × 3
18 = 2 × 3 × 3
30 = 2 × 3 × 5

ஒரு பகா எண் எந்த எண்ணில் அதிகத் தடவை வருகிறதோ, அத்தனை தடவை மீ.சி.ம-வில் இருந்தால் போதும். 12-க்காக 2 இரண்டு தடவை, 18-க்காக 3 இரண்டு தடவை, 30-க்காக 5 ஒரு தடவை. பெருக்கினால் 180. நீங்கள் மூன்றையும் பெருக்கியபோது 2 நான்கு தடவை சேர்ந்துவிட்டது. மீ.பெ.கா-வான 6-ஆல் வகுத்ததில் ஒன்று கழிந்து மூன்று மிஞ்சியது, தேவையோ இரண்டுதான். 3-க்கும் இதே கதை. உபரியாக நின்ற 2 × 3 = 6 தான் 180-ஐ 1080 ஆக்கியது.

சூத்திரத்தை விட மனமில்லையென்றால் இரண்டிரண்டாகப் போங்கள். முதலில் 12, 18: மீ.சி.ம 36. பிறகு 36, 30: மீ.பெ.கா 6, எனவே 36 ÷ 6 × 30 = 180.

கேள்வி: மீ.சி.ம காண, எண்களை ஒரே வரியில் எழுதிப் பகா எண்களால் வகுத்துக்கொண்டே போகும் வகுத்தல் முறையில் எப்போது நிறுத்துவது? பெரிய எண்ணால் வகுத்தால் வரிகள் குறையுமே?

பதில்: எந்த இரண்டு எண்களுக்கும் பொதுவான பகா எண் இல்லாதபோது நிறுத்தலாம். பலர் ‘மூன்றையும் வகுக்க எண் இல்லை’ என்றதுமே நிறுத்திவிடுகிறார்கள். அது மீ.பெ.கா கணக்கின் பழக்கம். 8, 12, 18-ஐப் பாருங்கள்:

2 | 8, 12, 18
2 | 4, 6, 9
3 | 2, 3, 9
  | 2, 1, 3

இடப்பக்கமும் கடைசி வரியும் பெருக்க: 2 × 2 × 3 × 2 × 1 × 3 = 72. வகுபடாத 9 அப்படியே கீழே இறங்குவதைக் கவனியுங்கள். இரண்டாம் வரியிலேயே நிறுத்தியிருந்தால் 2 × 4 × 6 × 9 = 432.

பெரிய எண்ணால் வகுப்பது, அது எல்லா எண்களையும் மீதியின்றி வகுத்தால் மட்டுமே பாதுகாப்பு. 12, 18, 24-ஐ 12-ஆல் வகுத்தால் 1, 18, 2. அடுத்து 2-ஆல் வகுத்தால் 1, 9, 1. விடை 12 × 2 × 9 = 216; சரியான விடை 72. இடப்பக்கம் எழுதிய 12-க்குள் ஏற்கெனவே ஒரு 3 இருக்கிறது. 18 அதைக் கழித்துக்கொள்ளாமல் 9 ஆக நின்றதால் அந்த 3 மறுபடியும் எண்ணப்பட்டது. ஒரு வரி மிச்சம் பிடிப்பதற்கு இது அதிக விலை.

கேள்வி: 1147, 1517 போன்ற எண்களுக்குக் காரணியே பிடிபடவில்லை.

பதில்: காரணி தேட வேண்டாம், யூக்ளிட் முறை போதும். பெரியதைச் சிறியதால் வகுத்து, மீதியால் மறுபடி வகுத்துக்கொண்டே போங்கள். 1517-ஐ 1147-ஆல் வகுக்க மீதி 370. 1147-ஐ 370-ஆல் வகுக்க மீதி 37. 370-ஐ 37-ஆல் வகுக்க மீதி 0. மீ.பெ.கா 37. இனி மீ.சி.ம: 1147 ÷ 37 = 31; 31 × 1517 = 47027.

முதலில் வகுத்துவிட்டுப் பிறகு பெருக்குங்கள். நிரல் எழுதுவோருக்கு இது கட்டாயம். 60000, 48000-ஐப் பெருக்கினால் 288 கோடி. குறியுள்ள 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு 2147483647. பெருக்கலிலேயே எண் வழிந்து, விடை குப்பையாகிவிடும். மாறாக, மீ.பெ.கா-வான 12000-ஆல் முதலில் வகுத்து 60000 ÷ 12000 × 48000 என்றால் 240000-க்கு மேல் எண்ணே வராது.

கேள்வி: 8, 12, 18-ஆல் வகுக்க முறையே 5, 9, 15 மீதி தரும் மிகச்சிறிய எண் எது?

பதில்: 8 − 5, 12 − 9, 18 − 15 மூன்றுமே 3. அதாவது அந்த எண்ணோடு 3 சேர்த்தால் மூன்றாலும் வகுபடும். இவற்றின் மீ.சி.ம 72 என்று மேலே பார்த்தோம், எனவே 72 − 3 = 69. மூன்றிலும் மீதி 3 என்று கேட்டால் 72 + 3 = 75. கறாராகப் பார்த்தால் அங்கே மிகச்சிறிய எண் 3 தான். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் ‘18-ஐவிடப் பெரிய’ என்று சேர்த்துவிடுவது நல்லது.

கேள்வி: 0 எல்லா எண்களுக்கும் மடங்குதானே? அப்படியானால் மீ.சி.ம எப்போதும் 0 அல்லவா?

பதில்: மடங்குதான். ஆனால் மிகை (0-ஐவிடப் பெரிய) பொது மடங்குகளில் சிறியதையே மீ.சி.ம என்கிறோம்.