இரும்பு உலை பார்க்கப் போகிறீர்களா? தரையைப் பாருங்கள்

கேள்வி: கோயம்புத்தூரில் பல வருடம் ஃபவுண்டரியில் இருந்துவிட்டு இப்போது ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறேன். ஆப்பிரிக்க மக்கள் அந்தக் காலத்தில் இரும்பு எடுத்த உலைகள் இன்னும் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஜூலை விடுமுறையில் மகனைக் கூட்டிப்போக ஆசை. எங்கே போகலாம்? பார்க்கிற மாதிரி ஏதாவது மிச்சம் இருக்குமா? பள்ளி ப்ராஜெக்டுக்கு ஒரு துண்டு எடுத்து வரலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடுத்து வரக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டு தேசிய மரபுவளச் சட்டப்படி, தொல்லியல் பொருள் எதையும் அனுமதியில்லாமல் இருந்த இடத்திலிருந்து நகர்த்துவதே குற்றம். இரும்பைப் பிரித்த பிறகு மிஞ்சும் கழிவான சிட்டம், காலடியில் குப்பை மாதிரி கிடந்தாலும், அதில் அடங்கும். போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுத்தால் ப்ராஜெக்டுக்கு அதுவே போதும்.

இடம் என்று பார்த்தால், உங்கள் ஊருக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. மெல்வில் கோப்பீஸ் இயற்கைக் காப்பகத்தில், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ரெவில் மேசன் 1963இல் ஓர் இரும்பு உலையை அகழ்ந்தெடுத்தார். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வழிகாட்டியோடு கூட்டிப்போவது வழக்கம். தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், அந்தக் குன்றில் தனியாக ஏறாதீர்கள். அரைநாள் வேலைதான்.

ஆனால் மகனுக்காக என்றால் வனவிலங்குகள் திரியும் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் மசோரினிக்கே போங்கள். ஃபலபோர்வா வாயிலிலிருந்து லெட்டபா முகாமுக்குப் போகிற தார்ச்சாலையில் சுமார் 12 கிலோமீட்டர். காரை விட்டு இறங்க அனுமதியுள்ள இடம் என்பதே அந்தப் பூங்காவில் பெரிய விஷயம்! 19ஆம் நூற்றாண்டில் ஃபலபோர்வா மக்கள் குடியிருந்து இரும்பு வேலை செய்த குன்று அது. மண் வளமில்லை, மழை குறைவு, மாட்டுக்கு நோய் பரப்பும் செட்சே ஈயால் மாடு தங்காது. அதனால் இரும்பு மண்வெட்டியைச் செய்து கொடுத்துத் தானியம் வாங்கியிருக்கிறார்கள். குடிசைகளும் உலையும் 1970களில் திரும்பக் கட்டியவை. ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம், அகழாய்வில் கிடைத்ததை வைத்துத்தான் கட்டினார்கள். இருந்தாலும் நிற்கிற உலை புதிது, தரையில் கிடப்பதுதான் பழசு என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

அப்புறம், போகும்போது வார்ப்பிரும்பை உருக்கும் குப்போலா உலையை மறந்துவிடுங்கள். உங்கள் ஃபவுண்டரியில் இரும்பு உருகி ஓடும், லேடிலில் பிடிப்பீர்கள். இந்த உலைகளில் இரும்பு ஓடவே இல்லை. உள்ளே சூடு 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்திருக்கும், சுத்த இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். வார்ப்பிரும்பு 1,150இலேயே உருகுமே என்பீர்கள். அது 3, 4 சதவீதம் கார்பனைக் குடித்த இரும்பு. இவர்களுக்கு வேண்டியது சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கிற இரும்பு. அவ்வளவு கார்பன் ஏறிவிட்டால் அடிக்கும்போது நொறுங்கிப்போகும். அதனால் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தாதுவின் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, இரும்பு திடமாகவே ஒட்டிச் சேர்ந்து, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டியாகும். உருகி இறங்குவது சிட்டம்தான். அந்தக் கட்டியைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடித்து, உள்ளே சிக்கிய சிட்டத்தை வெளியேற்றிய பிறகுதான் மண்வெட்டியெல்லாம்.

இரும்பைக் கொண்டுபோய்விட்டார்கள், அவர்கள் கழித்துப் போட்டதுதான் நமக்குச் சாட்சி. சிட்டத்தை நன்றாகக் குனிந்து பாருங்கள். மேற்பரப்பில் வழிந்து மடிந்த வரிகள் இருந்தால், அது உருகி ஓடி உறைந்தது. மரக்கரியின் அச்சு குழிகுழியாகப் பதிந்திருந்தால், உலைக்குள்ளேயே இறுகியது. சில துண்டுகளில் மரத்தின் ரேகைகூடத் தெரியும். ஊதுகுழாய்ச் சில்லு கிடந்தால் இன்னும் நல்லது. துருத்திக் காற்றை உள்ளே கொண்டுபோன களிமண் குழாய் அது. தீக்குள் இருந்த முனை கண்ணாடியாக உருகிக் கறுத்திருக்கும், வெளியே இருந்த முனை செங்கல் நிறத்திலேயே நிற்கும். அந்த ஒரு சில்லைக் காட்டி, சூடு எவ்வளவு தூரம் எட்டியது என்று பையனுக்குச் சொல்லிவிடலாம்.

ஒரு சின்ன காந்தம் கொண்டுபோங்கள். ஃபலபோர்வா வட்டாரத்துத் தாது மேக்னடைட், காந்தத்தில் பட்டென்று ஒட்டும். சிட்டம் பெரும்பாலும் மந்தமாகத்தான் இழுக்கும். பார்வைக்கு இரண்டும் கறுப்பாக, கனமாக இருப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு, பொருளைக் கிடந்த இடத்திலேயே வைத்துச் சோதியுங்கள்.

ஃபலபோர்வா ஊரை ஒட்டி ஒரு ராட்சதச் செம்புச் சுரங்கப் பள்ளம் இருக்கிறது. லோல்வே என்ற குன்று இருந்த இடம் அது. அங்கே சுமார் 8ஆம் நூற்றாண்டிலேயே செம்புத்தாது வெட்டியிருக்கிறார்கள். 1960களில் தொடங்கிய நவீனச் சுரங்கம் குன்றோடு பழைய குழிகளையும் தின்றுவிட்டது. வழியில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஜூலை சரியான மாதம்தான். அங்கே அது குளிர்காலம், புல் தாழ்ந்திருக்கும், தரை தெரியும். மலேரியா அபாயமும் குறைவு, ஆனாலும் கொசுவிரட்டி வேண்டும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் வசிப்பதற்கான சான்றை எடுத்துப் போனால் க்ரூகர் நுழைவுக் கட்டணத்தில் நல்ல வித்தியாசம் இருக்கும்.

ஆளைவிட உயரமான உலைகளையே பார்க்க வேண்டும் என்றால் வடக்கே போக வேண்டும். மலாவி, வடக்கு ஜாம்பியா, தான்சானியாவின் உஃபிப்பா மேட்டுநிலம் ஆகிய இடங்களில் துருத்தியே இல்லாமல், புகைபோக்கி இழுவையிலேயே காற்றை வாங்கிய உலைகளைக் கட்டினார்கள். அதில் வந்த கட்டியைத் துருத்தி வைத்த சின்ன உலையில் இன்னொரு தரம் சுத்தம் செய்வார்கள். உள்ளூர் ஆள் துணையில்லாமல் இவற்றைத் தேடிப் போவது வீண் அலைச்சல். புர்கினா ஃபாசோவில் பழைய இரும்பு உலைகள் இருக்கும் ஐந்து இடங்கள் 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அவற்றில் டூருலா கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இருந்தும் அந்த நாட்டில் ஆயுதக் குழுக்களின் தாக்குதல் ஓய்கிற வரை அங்கே குடும்பத்தோடு போகத் திட்டம் போடாதீர்கள்.